பைத்தான் கேட்கும், கேமரா முடிவெடுக்கும்

2024 ஏப்ரல் 8 அன்று வட அமெரிக்காவைக் கடந்த முழுச் சூரிய கிரகணத்தில், சூரியன் முற்றிலும் மறைந்திருந்த நேரம் மெக்சிகோவில்தான் மிக அதிகம். அங்கும் அது 4 நிமிடம் 28 விநாடியே. அதற்குள் சூரிய விளிம்பின் தீக்கொழுந்துகளை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் எடுக்க வேண்டும். மங்கலான வெளி ஒளிவட்டத்துக்கு ஒரு விநாடி கூடப் போதாமல் போகலாம். வானத்தைப் பார்ப்பதா, கேமராவின் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதா? இந்த இழுபறிக்கு முடிவுகட்டத்தான், கணினியிலிருந்து கேமராவை இயக்கும் நிரலைப் பலர் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிக்கொள்கிறார்கள்.

நிரல் கேமராவோடு நேரடியாகப் பேசுவதில்லை. பைத்தான் அழைப்பது சி மொழியில் எழுதப்பட்ட லிப்ஜிஃபோட்டோ2 என்ற கட்டற்ற நூலகத்தை, அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பை. அந்த நூலகம் யூஎஸ்பி கம்பி வழியே பிடிபி என்ற நெறிமுறையில் கேமராவிடம் பேசுகிறது. படங்களைக் கணினிக்கு மாற்றவென்று 2000-ஆம் ஆண்டு வாக்கில் உருவான இந்த நெறிமுறை, பின்னர் ஐஎஸ்ஓ 15740 என்ற தரநிலையானது. ஒவ்வொரு கட்டளையும் 12 பைட் தலைப்போடு தொடங்கும்: மொத்த நீளம், வகை, கட்டளை எண், பரிமாற்ற எண். கேமராவின் அமைப்பு (செட்டிங்) ஒன்றை மாற்றும் கட்டளைக்குப் பதினாறை அடியாகக் கொண்ட பதினறும எண்முறையில் 1016 என்று பெயர். ஒளியை உள்ளே விடும் லென்ஸ் துளையின் அளவுக்கான எண் 5007. அதன் மதிப்பு நூறால் பெருக்கி அனுப்பப்படுவதால், எஃப் 5.6 என்ற துளை அளவு 560 ஆகப் போகும்.

ஆனால் நிரல் சொன்னதை எல்லாம் கேமரா ஏற்றுக்கொள்ளாது. ஓர் அமைப்பைப் பற்றி விசாரித்தால், அந்த நொடியில் தன்னால் முடிந்த மதிப்புகளின் பட்டியலை அது தருகிறது; அதிலிருந்துதான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். லென்ஸை மாற்றினால் துளைப் பட்டியல் மாறிவிடும். மேலிருக்கும் வட்டக் குமிழ் தானியங்கி நிலையில் இருந்தால் ஷட்டர் வேகம் கைக்கு எட்டாது. ஆகவே நல்ல நிரல் பட்டியலைப் படித்து, மதிப்பை எழுதி, மறுபடியும் படித்துச் சரிபார்க்கும். பிழை எதுவும் வரவில்லை என்பதை வைத்து மாற்றம் நடந்துவிட்டதாக நம்புவது அசட்டுத் துணிச்சல்.

தரநிலை என்று ஒன்று இருந்தும் கேமராக்கள் ஒரே மாதிரி பேசுவதில்லை. ஷட்டர் நேரத்தைத் தரநிலை பத்தாயிரத்தில் ஒரு பங்கு விநாடி அலகில் முழு எண்ணாகக் கேட்கிறது. விநாடியில் 8,000-இல் ஒரு பங்கு அந்தக் கணக்கில் 1.25; முழு எண்ணில் அது அடங்காது. நிறுவனங்கள் தங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட எண்களில் சொந்த வழிகளை வகுத்துக்கொண்டன. நிக்கான் பகுதியையும் தொகுதியையும் இரண்டு எண்களாகவே வைக்கிறது. சோனியின் பழைய மாடல்கள் சிலவற்றில் இன்ன வேகம் என்று கேட்கவே முடியாது. ஒரு படி மேலே, ஒரு படி கீழே என்று நகர்த்தித்தான் போய்ச்சேர வேண்டும். இந்தக் குளறுபடியை லிப்ஜிஃபோட்டோ2 பெருமளவு மறைத்துவிடுகிறது, முழுவதும் அல்ல. கேனானில் துளைக்கு ஒரு பெயர், நிக்கானில் வேறொரு பெயர். ஒன்றுக்காக எழுதிய நிரல் மற்றொன்றில் படுத்துவிடுவது இதனால்தான்.

லினக்ஸில் இன்னொரு தொல்லை: கேமராவைச் செருகியதும் டெஸ்க்டாப்பே அதைத் திறந்து வைத்துக்கொள்ளும்; நிரலுக்கு இணைப்பு மறுக்கப்படும். டெஸ்க்டாப்பின் பிடியை விடுவித்த பிறகே வேலை தொடங்கும்.

எஞ்சியிருப்பது நேரம். எல்லா அமைப்புகளையும் ஒவ்வொரு முறையும் முழுதாக வாங்கிப் பார்த்தால் நேரம் வீணாகும். வேண்டிய ஒன்றை மட்டும் மாற்றினால் விரைவு. "எடு, பத்து விநாடி காத்திரு, எடு" என்று எழுதினால், எடுப்பதற்கும் கோப்பை இறக்குவதற்கும் ஆகும் நேரம் ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்து இடைவெளி நழுவிக்கொண்டே போகும். தொடக்க நேரத்திலிருந்து அடுத்த கணத்தைக் கணக்கிட்டு அதுவரை மட்டும் காத்திருந்தால் நழுவாது. கிரகணத்துக்கோ கணினியின் கடிகாரமே சரியாக இருந்தாக வேண்டும்: இணையம் உள்ள இடத்தில் நேரச் சேவையகத்தோடு ஒத்துவைக்கலாம், இல்லாத பாலைவனத்தில் ஜிபிஎஸ் கருவி ஒன்று அந்த வேலையைச் செய்துவிடும்.