முனியறை எலும்பும் ஓரம் நைந்த எழுத்தும்

கேரளத்தின் மறையூரில் கரும்பு ஆட்டும் காலத்தில் ஆலைக் கொட்டகைப் பக்கம் போனால், கையில் ஒரு சூடான உருண்டை வெல்லத்தைத் திணிக்காமல் விடமாட்டார்கள். போன வாரம் அப்படி நின்றுகொண்டிருந்தபோது, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஆலைக்காரர் மகள் கேட்டாள்: “சார், நம்ம முனியறையில ஒரு எலும்பு கிடைச்சா, அது நம்ம பாட்டன் பூட்டனோடதான்னு டிஎன்ஏ வெச்சுச் சொல்லிடலாமா?”

நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் பாட்டி முந்திக்கொண்டார். “அது முனிவருங்க தவம் இருந்த இடம். அங்க ஏது எலும்பு?”

முனிவர் கதை கதைதான். முனியறைகள் பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள். ஆனால் எலும்பு இல்லை என்பதில் பாட்டி சொன்னது அநேகமாகச் சரி. நான்கு பக்கமும் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல், அதுவும் தரைக்கு மேலே. மழையும் வெயிலும் நரியும் எத்தனை நூற்றாண்டாக உள்ளே போய் வந்திருக்கும்! கேரளத்தில் மண்ணுக்குள் புதைத்திருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. இங்கே மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது, எலும்பைக் கரைத்துவிடும். சரி, ஒரு பேச்சுக்கு ஓர் எலும்பு கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம்.

டிஎன்ஏ பற்றிப் பள்ளியில் படித்ததே போதும். அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்று நான்கே எழுத்து. இரண்டு இழை. அடினினுக்கு எதிரில் தைமின், குவானினுக்கு எதிரில் சைட்டோசின். நம் செல்லில் அம்மா வழியாக ஏறத்தாழ 300 கோடி எழுத்து, அப்பா வழியாக அதே அளவு. அது தவிர, அம்மாவிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ 16,569 எழுத்து. அவ்வளவுதான், மேலே போகலாம்.

செத்த உடம்பில் இந்த இழை துண்டு துண்டாகிறது. பல நூற்றாண்டுக்குப் பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் 30 முதல் 70 எழுத்து வரையுள்ள துணுக்குகள். அவற்றிலும் பெரும்பங்கு மண்ணில் இருந்த பாக்டீரியாவினுடையது. அதைவிடப் பெரிய தொல்லை, எலும்பைத் தொட்டவர்களின் டிஎன்ஏ. மறையூர் வெல்ல உருண்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள், பிடித்தவரின் விரல் தடம் அப்படியே பதிந்திருக்கும். எலும்பிலும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் வித்தியாசம். 1994இல் 8 கோடி ஆண்டுப் பழைய எலும்பிலிருந்து டைனோசர் டிஎன்ஏ எடுத்துவிட்டதாக அறிவித்தார்கள். பிறகு பார்த்தால் அது மனித டிஎன்ஏ! பழைய டிஎன்ஏ ஆய்வுக்காகப் பின்னாளில் 2022இல் நோபல் பரிசு வாங்கிய ஸ்வாந்தே பேபோவே 1985இல் எகிப்து மம்மியிலிருந்து எடுத்ததாக வெளியிட்டது பெரும்பாலும் நவீன மனிதக் கலப்படம்தான் என்று பிற்பாடு ஒப்புக்கொள்ளப்பட்டது.

அப்படியானால் பழையது எது, தொட்டவருடையது எது என்று எப்படிப் பிரிப்பது? எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

சைட்டோசினின் ஓரத்தில் ஓர் அமினோ தொகுதி தொங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் பட்டுப்பட்டு ஒரு நாள் அது கழன்றுவிடுகிறது. ‘க்’ என்ற எழுத்தின் புள்ளி உதிர்ந்து ‘க’ ஆவதுபோல, சைட்டோசின் யுராசில் ஆகிவிடுகிறது. டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதிக்கு யுராசிலும் தைமினும் ஒன்றுதான். ஆகவே சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின் என்று எழுதிவிட்டுப் போகிறது.

உயிரோடு இருக்கும்போதும் இது நடக்கிறது, ஒவ்வொரு செல்லிலும் தினம் நூறு தடவைக்குக் குறையாமல். ஆனால் அங்கே காவலுக்கு ஆள் உண்டு. யுராசிலைக் கண்டால் வெட்டி எறிவதற்கென்றே ஒரு நொதி ரோந்து வருகிறது. ஆர்என்ஏவில் சாதாரணமாகப் புழங்கும் யுராசிலை டிஎன்ஏ ஏன் ஒதுக்கிவிட்டுத் தைமினை வைத்திருக்கிறது என்பதற்கும் இதையே காரணமாகச் சொல்வார்கள். யுராசிலும் சரியான எழுத்தாக இருந்தால் காவல்காரன் எதைப் பிடிப்பான்?

செத்த பிறகு காவல் இல்லை, பிழை சேர்ந்துகொண்டே போகிறது. அதுவும் எங்கே சேர்கிறது? துணுக்கின் நுனிகளில் ஓர் இழை மட்டும் துணையில்லாமல் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். ஜோடியில்லாத சைட்டோசின் எளிதாக உதிரும். ஓலைச்சுவடியில் ஓரம்தானே முதலில் நைந்துபோகிறது! லட்சக்கணக்கான துணுக்குகளைப் படித்து வரிசையாக அடுக்கினால், சில மாதிரிகளில் முதல் எழுத்தில் நூற்றுக்கு இருபது முப்பது சைட்டோசின்கள் தைமினாக மாறியிருக்கும். இரண்டாம் எழுத்தில் அதைவிடக் குறைவு, பத்துப் பதினைந்து எழுத்து உள்ளே போனால் சொற்பம். மறுநுனியில் இதன் பிரதிபலிப்பாகக் குவானின் அடினினாகத் தெரியும். வரைபடமாகப் போட்டால் இரண்டு ஓரமும் தூக்கி, நடுவில் தாழ்ந்து, சிரிப்பது மாதிரி இருக்கும். நேற்றுத் தொட்டவரின் டிஎன்ஏவில் அந்தச் சிரிப்பு வராது.

எல்லா மெய்க்கும் புள்ளி வைத்த ஓர் ஏட்டைக் கொண்டுவந்து ‘நானூறு வருஷத்துச் சுவடி’ என்று விற்கப் பார்த்தால் சுவடி தெரிந்தவர் சிரிப்பார். அந்தக் காலத்தில் ஓலையில் புள்ளி குத்தும் வழக்கமே அபூர்வம். டிஎன்ஏவில் புள்ளி உதிர்ந்தது தானாக நடந்தது, சுவடியில் புள்ளி இல்லாதது எழுதினவர் கைப்பழக்கம். ஆனால் ஆய்வாளர் தேடும் அடையாளம் ஒரே ஜாதிதான்.

வெப்பமும் ஈரமும் இந்தச் சிதைவை விரட்டி விரட்டி நடத்தும். கிரீன்லாந்தின் உறைமண்ணில் 20 லட்சம் ஆண்டுப் பழைய டிஎன்ஏ கிடைத்ததாக 2022இல் செய்தி வந்தது. ஹரியானாவில் சிந்துவெளி நாகரிக ஊரான ராக்கிகடியில் 61 மாதிரிகளைச் சோதித்து, ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் உருப்படியாகப் படிக்க முடிந்தது. உள்காதைச் சுற்றியுள்ள கபால எலும்பு மிக அடர்த்தியானது என்பதால் இப்போது முதலில் தேடுவது அதைத்தான். என்னைக் கேட்டால், நம் பக்கத்து அகழாய்வுகளுக்குக் கட்டிடத்தையும் திறப்பு விழாவையும் விட அவசரத் தேவை, குழியருகே கையுறை போட்ட ஒரு ஆளும் ஒரு உறைபெட்டியும். எலும்பைக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகு நிதி வந்து என்ன பயன்?

‘பூட்டன்’ விஷயத்துக்கு வருவோம். ஒரு தலைமுறைக்கு 25 வருஷம் என்றால் 750 வருஷத்துக்கு முன் நம் ஒவ்வொருவருக்கும் கணக்குப்படி 107 கோடி முன்னோர் இருக்க வேண்டும். அன்று உலகத்திலேயே அத்தனை பேர் இல்லை. ஒரே ஆட்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். இந்தியாவில் ஏறத்தாழ எல்லாத் தரப்பும் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு கலந்தவை என்று 2013இல் வந்த ஆய்வு சொன்னது. கலப்பில்லாத ரத்தம் என்று மீசை முறுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த டைனோசர்தான் ஞாபகம் வரும்.

இதையெல்லாம் சுருக்கிச் சொல்லிவிட்டு, “எலும்பு கிடைச்சா மட்டும் யாரும் தொடாதீங்க” என்றேன்.

“பாட்டி தொட்டுட்டா, சார்?”

“அப்ப சந்தேகமே இல்லை. நம்ம பூட்டனோடதுன்னுதான் ரிசல்ட் வரும்.”