காபன் நனோக்குழாய்: ‘கரிம நுண்குழாய்’ ஏன் பிழை?

வன்னியில் உயர்தர மாணவர்களின் கைகளில் புழங்கும் கையேடுகளில் காபன் நனோக்குழாய்களாலான கணினி நினைவகத்துக்கு (carbon nanotube memory) ‘கரிம நுண்குழாய் நினைவகம்’ என்ற தொடரை இத்தனை முறை கண்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

‘நனோ’, குள்ளன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அளவையில் நூறு கோடியில் ஒரு பங்கு. காபன் அணுக்கள் அறுகோணங்களாகப் பிணைந்த தாள், குழலாகச் சுருண்ட வடிவமே இக்குழாய். ஜப்பானியரான சுமியோ இஜிமா 1991இல் இதை விவரித்தார்.

‘நுண்’ என்ற அடையை நாம் ஏற்கெனவே மைக்கிரோவுக்குக் கொடுத்துவிட்டோம். நுண்ணங்கி என்கிறோம். மைக்கிரோவுக்கும் நனோவுக்கும் இடையில் ஆயிரம் மடங்கு வேறுபாடு. தமிழகத்தில் மயிர்த்துளைக் குழாயையும் நுண்குழாய் என்பர். அங்கே ‘கரிம வேதியியல்’ என்பது நமது சேதன இரசாயனம். ஆகவே கிளிநொச்சி மாணவி இத்தொடரைப் படித்தால் ஏதோ சேதனப் பொருளாலான மயிர்த்துளைக் குழாய் என்றே எண்ணுவாள். அவளைக் குறை சொல்ல முடியுமா?

நனோ தமிழில்லை என்பது எதிர்வாதம். மீற்றரும் கிராமும் தமிழா? அலகுகளை உலகோடு ஒத்து வைத்திருப்பதே தெளிவு. நனோவை ‘மீநுண்’ என்பாரின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அடுத்து வரும், நனோவில் ஆயிரத்தில் ஒரு பங்கான பிக்கோவுக்கு எந்த அடையைத் தேடுவது?

இங்கே அளவுதான் பொருளே. 2000இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் லீபரின் குழு முன்வைத்த நினைவகத்தில், கீழே ஒரு வரிசைக் குழாய்கள். அவற்றுக்குக் குறுக்கே, தாங்கிகளின் மேல் தொங்கும் மற்றொரு வரிசை. மின்னேற்றம் கொடுத்தால் மேற்குழாய் வளைந்து கீழ்க்குழாயைத் தொடும். தொட்டால் 1, விலகினால் 0. மின் நின்ற பின்னும் அதை வளைந்தபடியே பிடித்துவைப்பது, மிக நெருங்கிய அணுக்களிடையே தோன்றும் மெல்லிய ஈர்ப்பான வந்தர்வாலின் விசை. ஒரு நனோமீற்றர் அளவு விட்டமுள்ள குழாயில் அவ்விசை போதும். ஆயிரம் மடங்கு தடித்த குழாய் மீள்தன்மையால் நிமிர்ந்துவிடும். ‘நுண்’ என்று எழுதியவர் இந்தப் பொறிமுறையையே மாணவரிடமிருந்து மறைத்துவிடுகிறார்.

இதே நினைவகத்தைக் குறிக்கும் ‘non-volatile memory’ என்பதை ‘ஆவியாகா நினைவகம்’ என்றும் ஒருவர் பெயர்த்திருக்கிறார். இரசாயன அகராதியைத் திறந்து முதற்பொருளை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பல்ல. மின் நின்றாலும் தரவு தங்குவதால் அது அழியா நினைவகம். தமிழில் உயர்தரம் முடித்து கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் ஆங்கிலத்துக்கு மாறும் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியிலும் ஒரே பொருள் கிடைக்க வேண்டும். அடுத்த பதிப்பிலாவது ‘காபன் நனோக்குழாய்’ என்று திருத்தி அச்சிடுங்கள்.