இன்வர்: கனடா ஊர்ப்பெயர்களில் தங்கிவிட்ட கேலிக் சொல்

இன்வர்னஸ், இன்வரேரி, இன்வர்ஹியூரன், இன்வர்மியர் என்று கனடாவில் பல ஊர்கள் உண்டு. இவற்றின் முன்னொட்டு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியிலிருந்து வந்தது. ஓர் ஆறு கடலிலோ ஏரியிலோ வேறோர் ஆற்றிலோ போய்ச் சேரும் இடத்துக்கு அங்கே 'இன்வர்' என்று பெயர். 'உள்ளே கொண்டு சேர்ப்பது' என்பது வேர்ப்பொருள். ஸ்காட்லாந்து நகரான அபர்டீனின் பெயரில் உள்ள 'அபர்' இதற்கு உடன்பிறப்பு. கேலிக் பரவுவதற்கு முன்பே அங்கு வழங்கிய மொழியின் சொல் அது, பொருள் ஒன்றே.

ஸ்காட்லாந்தில் இன்வருக்குப் பின்னால் பெரும்பாலும் ஆற்றின் பெயர் வரும். நெஸ் ஆறு கடலில் கலக்குமிடம் இன்வர்னஸ். யூரி ஆறு டான் ஆற்றோடு சேருமிடம் இன்வரூரி. பெயரைப் படித்தாலே நிலம் தெரிந்துவிடும்.

கனடாவில் அப்படிப் படித்தால் தவறிப்போவோம். நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டனில் உள்ள இன்வர்னஸில் நெஸ் ஆறு இல்லை. ஸ்காட்லாந்து ஊரின் பெயரே முழுதாக இங்கே வந்துவிட்டது. ஒன்டாரியோவின் இன்வரேரியும் அவ்வகையே. ஆங்கிலத்தில் மூல ஊரைவிட ஓர் எழுத்துக் குறைவு என்பதால் தேடும்போது கவனம் வேண்டும். இன்வர்ஹியூரனும் இன்வர்மியரும் வேறு வகை: கனடாவிலேயே புதிதாக ஒட்டிய பெயர்கள். முன்னது ஹியூரன் ஏரிக்கரையில் உள்ளது. பின்னதில் 'மியர்' ஏரியைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். ஊர் விண்டர்மியர் ஏரியோரம் இருக்கிறது.

'இன்வர்' என்பதைத் தமிழில் பெயர்க்க மிக நெருங்கிய சொல் 'புகார்'. ஆறு கடலில் புகும் இடம் என்பதால் காவிரிப்பூம்பட்டினத்துக்கு அப்பெயர். உள்ளே சேர்வது என்ற கருத்து இரண்டு மொழிகளிலும் அப்படியே பொருந்துவது அழகு. ஆனால் இன்று புகார் என்றால் முறையீடு என்றே வாசகர் கொள்வார். ஆகவே கடலில் சேருமிடத்துக்குக் 'கழிமுகம்' அல்லது 'முகத்துவாரம்' என எழுதலாம். ஆறும் ஆறும் சேர்ந்தால் 'கூடல்', பவானியில் சொல்வதுபோல் 'கூடுதுறை'. 'துறைமுகம்' என்று பெயர்ப்பது பிழை. அது கப்பல் நிற்கும் இடம், ஆறு இருக்க வேண்டியதில்லை.

ஊர்ப்பெயரை மொழிபெயர்க்க வேண்டாம். இன்வர்னஸ் என்றே எழுதி, முதல் முறை வரும்போது மட்டும் 'நெஸ் ஆற்றுமுகம்' என்று பொருள் தந்து, அந்த ஆறு ஸ்காட்லாந்தில் இருப்பதையும் குறித்தால் போதும்.