மூடிய சிலிண்டருக்குள் பார்த்தவர்கள்

நீராவி எந்திரங்களும் ஒற்றர்களும் பயிலகப் போட்டிகளும் நிறைந்த ஸ்டீம்பங்க் புதினங்களில் திருடப்படும் பொருள் பெரும்பாலும் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் ஒரு வரைபடமாகவே இருக்கும். உண்மையான நீராவிக் காலத்தில் நடந்த மிகச் சிறந்த வேவு ஒன்றில் எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. ஓர் எந்திரத்தில் இருந்தாக வேண்டிய சங்கிலி இல்லை என்பதை ஒருவர் கண்டார். அதை வைத்தே, கண்ணுக்குத் தெரியாத மற்ற அனைத்தையும் ஊகித்தார்.

அவர் பெயர் அகுஸ்தின் தெ பெத்தன்கூர். கேனரித் தீவுகளில் பிறந்த ஸ்பானியப் பொறியாளர். மாட்ரிட் அரசவைக்காக ஐரோப்பாவின் எந்திரங்களின் மாதிரிகளைத் திரட்டிக்கொண்டிருந்த அவர், 1788-இல் இங்கிலாந்துக்குப் போனார். பர்மிங்காமில் மேத்யூ போல்ட்டனும் ஜேம்ஸ் வாட்டும் அவரை மரியாதையுடன் வரவேற்றனர். ஆனால் தங்களின் புதிய நீராவி எந்திரத்தைப் பற்றி எதையும் காட்டவில்லை. லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் இருந்த ஆல்பியன் மாவு ஆலையில் அந்த எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பெத்தன்கூருக்குக் கிடைத்ததெல்லாம் அதை வெளியிலிருந்து சற்று நேரம் பார்க்கும் வாய்ப்பு மட்டுமே.

அவர் என்ன கண்டார் என்பதை உணர, பழைய எந்திரம் இயங்கிய விதத்தை அறிய வேண்டும். நம் கிணற்று ஏற்றத்தின் துலாவைப் போலவே அதிலும் நடுவில் தாங்கப்பட்ட ஒரு பெரிய உத்தரம் இருந்தது. அதன் ஒரு முனையில் சுரங்கத்து நீரை இறைக்கும் பம்பின் தண்டு தொங்கியது. மறுமுனை, செங்குத்தாக நின்ற சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனோடு சங்கிலியால் இணைக்கப்பட்டிருந்தது. பிஸ்டனுக்குக் கீழே நிறைந்த நீராவி குளிர்ந்து நீராகும்போது அங்கே ஏறத்தாழ வெற்றிடம் உண்டாகும்; மேலிருக்கும் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ள, சங்கிலி உத்தரத்தை இழுக்கும். பிஸ்டன் மேலே திரும்புவதற்குப் பம்புத் தண்டின் எடையே போதுமானது. ஆகவே வேலை நடந்தது இறங்கும்போது மட்டும்தான். சங்கிலியால் இழுக்க முடியும், தள்ள முடியாது. தள்ள வேண்டிய தேவையும் அங்கே இருக்கவில்லை.

ஆல்பியன் ஆலையிலோ அந்தச் சங்கிலியைக் காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், இணைகர வடிவில் மூட்டப்பட்ட இரும்புத் தண்டுகள் இருந்தன. பெத்தன்கூரின் தர்க்கம் இங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் சங்கிலியை நீக்கிவிட்டு, விலை கூடிய, செய்வதற்குக் கடினமான விறைத்த தண்டுகளைப் பொருத்துகிறார் என்றால், பிஸ்டன் உத்தரத்தை இழுப்பதோடு தள்ளவும் செய்கிறது என்றுதான் பொருள். பிஸ்டன் தள்ளுகிறது என்றால், கீழிருந்தும் நீராவி அதை உந்துகிறது என்றாகிறது. எனவே சிலிண்டரின் இரு முனைகளிலும் வால்வுகள் இருந்தாக வேண்டும். ஒரு பக்கம் நீராவி நுழையும்போது மறுபக்கம், நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் குளிர்விப்புக் கலனோடு திறந்திருக்க வேண்டும். அடுத்த வீச்சில் இரண்டும் இடம் மாற வேண்டும். வாட் 1782-இல் காப்புரிமை பெற்றிருந்த இருவினை எந்திரம் இதுவேதான். அதே அளவுள்ள சிலிண்டரிலிருந்து ஏறத்தாழ இருமடங்கு வேலை கிடைப்பதோடு, சக்கரம் சுற்றுவதற்குத் தேவையான சீரான விசையும் அதில் கிடைத்தது. ஊகிப்பது ஒன்று, உருவாக்குவது வேறொன்று. வால்வுகள் எந்தக் கணத்தில் திறந்து மூட வேண்டும் என்பதையெல்லாம் பெத்தன்கூர் தாமே வகுத்து, 1789-இல் பாரிசின் அறிவியல் கழகத்துக்கு ஓர் ஆய்வுரையாக அளித்தார். பெரியே சகோதரர்கள் அதன்படி பாரிசில் எந்திரம் கட்டத் தொடங்கினர். இதை வெறும் களவு என்று என்னால் கருத முடியவில்லை. காணாத ஒன்றைக் காரணங்களால் எட்டிப் பிடித்த அறிவு அது.

வாட்டின் தொழிற்கூடத்திலேயே இதே சிக்கலுக்கு இன்னொரு வடிவம் இருந்தது. எந்திரத்தைச் செய்தவர்களுக்கும் இரும்புச் சுவருக்குள் நடப்பது தெரியவில்லை. ஓர் எந்திரம் சோர்ந்து ஓடினால், வால்வு தாமதமாகத் திறக்கிறதா, குளிர்விப்புக் கலனில் காற்று கசிகிறதா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. எனவே வாட், பெரிய சிலிண்டரோடு ஒரு சிறு சிலிண்டரைக் குழாயால் இணைத்தார். அதற்குள் இருந்த சிறு பிஸ்டனை ஒரு சுருள்வில் பிடித்திருந்தது. உள்ளே அழுத்தம் கூடினால் பிஸ்டன் உயரும், குறைந்தால் தாழும். அதோடு இணைந்த முள் அளவைக் காட்டும். ஆனால் முள் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்ததால் கண்ணால் அதைப் பின்தொடர முடியவில்லை. 1796-இல் அவருடைய உதவியாளர் ஜான் சதர்ன் முள்ளை எடுத்துவிட்டுப் பென்சிலைப் பொருத்தினார். பென்சிலுக்கு எதிரே தாள் ஒட்டிய பலகை ஒன்றை வைத்து, எந்திரத்தின் பிஸ்டன் நகரும்போது அதே தாளத்தில் பலகையும் இடவலமாக நகரும்படி கயிற்றால் இணைத்தார். இண்டிகேட்டர் என்று பெயர் பெற்ற கருவி இதுதான்.

பென்சில் அழுத்தத்துக்கேற்ப மேலும் கீழும் போகிறது. தாள் பிஸ்டனின் இடத்துக்கேற்பப் பக்கவாட்டில் போகிறது. ஒரு முழுச் சுற்று முடியும்போது, தொடங்கிய புள்ளிக்கே திரும்பும் ஒரு மூடிய கோடு தாளில் கிடைக்கிறது. வால்வு திறந்ததும் கோடு செங்குத்தாக எழுகிறது. நீராவி நுழையும்வரை உச்சியில் கிடையாக ஓடுகிறது. வால்வு மூடிய பின் உள்ளிருக்கும் நீராவி விரிய விரிய, வளைந்து இறங்குகிறது. வெளியேறும் வழி திறந்ததும் அடிமட்டத்துக்கு விழுந்து, திரும்பும் வீச்சு முழுவதும் அங்கேயே நகர்கிறது. பழகிய பொறியாளர் இந்தக் கோட்டை, வைத்தியர் நாடி பார்ப்பது போல் படிப்பார். இடப்பக்கக் கோடு நேராக எழாமல் சாய்ந்திருந்தால் வால்வு தாமதமாகத் திறக்கிறது. உச்சிக்கோடு போகப் போகச் சரிந்தால் நீராவிக் குழாய் குறுகலானது. அடிக்கோடு போதிய அளவு தாழவில்லை என்றால் குளிர்விப்புக் கலனில் வெற்றிடம் சரியாக உண்டாகவில்லை.

இதைவிட வியப்பானது, அந்தக் கோடு சூழ்ந்துள்ள பரப்பு. அழுத்தத்தைப் பிஸ்டனின் பரப்பால் பெருக்கினால் விசை. விசையைப் பிஸ்டன் நகர்ந்த தொலைவால் பெருக்கினால் வேலை. படத்தில் உயரம் அழுத்தத்தையும் அகலம் தொலைவையும் குறிப்பதால், உள்ளே அடைபட்ட பரப்பே ஒரு சுற்றில் நீராவி பிஸ்டனின் ஒரு பக்கத்தில் செய்த வேலைக்கு அளவாகிறது. எடுத்துக்காட்டாக, படத்திலிருந்து கிடைக்கும் சராசரி அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ, பிஸ்டனின் பரப்பு 1000 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால் விசை 1000 கிலோ. பிஸ்டன் ஒன்றரை மீட்டர் நகர்ந்தால், 1500 கிலோவை ஒரு மீட்டர் உயர்த்தும் அளவு வேலை நடக்கிறது. நிமிடத்துக்கு 40 வீச்சுகள் என்றால் அது 60,000 ஆகும். வாட் வகுத்த குதிரைத்திறன், நிமிடத்துக்கு 33,000 பவுண்டை ஓர் அடி உயர்த்தும் திறன். அந்தக் கணக்கில் இது ஏறத்தாழ 13 குதிரைத்திறன்.

தன் எந்திரத்தை இவ்வளவு துல்லியமாகச் சீர்செய்ய முடிந்த நிறுவனம், இந்தக் கருவியைப் போட்டியாளர்களிடமிருந்து கால் நூற்றாண்டு காலம் மறைத்து வைத்ததில் வியப்பில்லை. 1822-இல்தான் ஓர் ஆங்கில அறிவியல் இதழில் இதைப் பற்றிய விவரம் அச்சேறியது. நீராவி எந்திரத்தைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஜான் ஃபேரி இந்தக் கருவியை முதலில் கண்டது ரஷ்யாவில் என்பர்.

அதே ரஷ்யாவுக்கு 1808-இல் குடிபெயர்ந்திருந்த பெத்தன்கூர், மறு ஆண்டு பீட்டர்ஸ்பர்கில் போக்குவரத்துப் பொறியாளர்களுக்கான உயர்கல்விக் கழகத்தை நிறுவினார். பாரிசின் பாலிடெக்னிக் பள்ளியில் பயின்ற எமில் கிளாபேரன் என்ற இளைஞர் 1820-இல் அங்கே ஆசிரியராகச் சேர்ந்து, பத்தாண்டுகள் பணியாற்றிவிட்டுப் பிரான்சுக்குத் திரும்பினார். அதே பாலிடெக்னிக்கில் படித்த சாதி கார்னோ, வெப்பத்திலிருந்து அதிகபட்சமாக எவ்வளவு வேலை பெறலாம் என்ற கேள்விக்கு 1824-இல் ஒரு சிறு நூலில் விடை கண்டிருந்தார். அதைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. கார்னோ இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1834-இல் கிளாபேரன் அந்த வாதத்தை ஒரு படமாக மாற்றினார். கிடையாகக் கன அளவு, செங்குத்தாக அழுத்தம், நடுவில் மூடிய கோடு, கோட்டுக்குள் அடைபட்ட பரப்பே வேலை: சதர்னின் பென்சில் வரைந்த அதே வகைப் படம்தான். 1845-இல் பாரிசில் இருந்த வில்லியம் தாம்சன், பிற்காலக் கெல்வின் பிரபு, கிளாபேரனின் கட்டுரை வழியாகவே கார்னோவை அறிந்தார். மூல நூலைப் புத்தகக் கடைதோறும் தேடியும் அவருக்குக் கிடைக்கவில்லை. மூன்றாண்டுகளுக்குப் பின் அவர் முன்வைத்த தனிவெப்பநிலை அளவுகோல், கார்னோவின் கருத்தின்மேல்தான் எழுப்பப்பட்டது.

கருவியும் வளர்ந்தது. வேகமான எந்திரங்களில் கனத்த பிஸ்டனும் நீண்ட சுருள்வில்லும் தாமே அதிர்ந்து கோட்டைக் கெடுத்தன. 1862-இல் சார்லஸ் ரிச்சர்ட்ஸ், விறைப்பான குட்டைச் சுருள்வில்லை வைத்து, அதன் சிறு அசைவை நெம்புகோல்களால் பெருக்கிக் காட்டும் வடிவத்தை வெளியிட்டார். இன்று அந்த இடத்தை மின்னணு உணரிகள் பிடித்துவிட்டன. ஆயினும் பெரும் சரக்குக் கப்பல்களின் டீசல் எந்திரங்களில் ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் ஒரு சிறு குழாய்த் திறப்பு இன்னும் இருக்கிறது. எந்திரத்தைத் தொடக்குவதற்குமுன் கப்பல் பொறியாளர்கள் அதைத் திறந்து வைத்துவிட்டு எந்திரத்தைச் சற்றுச் சுற்றி, உள்ளே நீரோ எண்ணெயோ தேங்கியிருக்கிறதா என்று பார்க்கின்றனர். அதை இன்றும் அவர்கள் இண்டிகேட்டர் காக் என்றே அழைக்கின்றனர்.