காலி நாற்காலி எங்கே போனது?

ஒரு மாவட்டத் தலைநகரில் கட்சிப் பொதுக்கூட்டம். மேடையோரமாக ட்ரைபாடைத் தலை மட்டத்துக்கு இறக்கி, 70-200 டெலி லென்ஸில், அதாவது தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸில், எடுத்தேன். ஃப்ரேம் முழுக்கத் தலைகள். வேறு சேனல் நண்பர் மைதானத்துக்குப் பின்னால் ஒரு மொட்டை மாடியில் ஏறி வைடில், அதாவது மொத்த இடமும் தெரியும்படி, எடுத்தார். அதில் பின்பாதி காலி நாற்காலி.

இரவு மாமா போன் செய்தார். "என்ன மாப்பிள்ளை, உங்க சேனல்ல கூட்டம் அலை மோதுது, அவங்க சேனல்ல ஈ ஓட்டுறாங்க. யார் பொய் சொல்றா?"

"ரெண்டு பேருமே சொல்லல மாமா." நம்பவில்லை, போனை வைத்துவிட்டார்.

டெலி லென்ஸ் கூட்டத்தை நெருக்கிக் காட்டும் என்று நாங்களே பேச்சுவாக்கில் சொல்வோம். உண்மையில் நெருக்குவது தூரம். உங்களிடமிருந்து நாலடியில் ஒருவர், எட்டடியில் இன்னொருவர் நின்றால் பின்னவர் பாதி உயரம்தான் தெரிவார். அவர்களை அப்படியே நிற்க வைத்து, நீங்கள் நூறடி தள்ளிப் போய்ப் பாருங்கள். உயர வித்தியாசம் நாலு சதவீதம்கூட இருக்காது, இருவரும் தோளோடு தோள் நிற்பதுபோல் இருக்கும். தூரத்திலிருந்து சின்னதாகத் தெரியும் அந்தத் துண்டைப் பெரிதாக்கித் தருவதுதான் லென்ஸின் வேலை. கேமராவும் தாழ்ந்துவிட்டதா, சரி, காலி நாற்காலியெல்லாம் முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் போய்விடும். (கை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிவதும் இதே கணக்குதான். வரன் பார்க்க அனுப்பும் போட்டோவையாவது ஐந்தடி தள்ளி நின்று யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள்.)

2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், டென்மார்க்கைச் சேர்ந்த இரண்டு புகைப்படக்காரர்கள் இதைக் கண்ணெதிரே காட்டினார்கள். கோபன்ஹேகனில் பொது இடங்களில் இருந்தவர்களை ஒரே நேரத்தில் டெலியிலும் வைடிலும் எடுத்தார்கள். ஒன்றில் எல்லோரும் ஒட்டி நிற்கிறார்கள், மற்றதில் நடுவே தாராளமாக இடம்.

சில நேரம் லென்ஸ்கூட வேண்டாம், ஃப்ரேமை எங்கே வெட்டுகிறோம் என்பதே போதும். 2003 ஏப்ரல் 9, பாக்தாத் ஃபிர்தோஸ் சதுக்கத்தில் சதாம் உசேன் சிலை சாய்ந்தபோது சிலையைச் சுற்றி மட்டும் நெருக்கி எடுத்த டைட் ஷாட்களில் ஊரே திரண்டதுபோல் இருந்தது. வைடில் பார்த்தால் சதுக்கத்தின் பெரும்பகுதி காலி.

கூட்டத்தைக் கூட்டிக் குறைப்பதைவிட என்னை உறுத்துவது வேறு. குற்றவாளி வாக்குமூல வீடியோக்கள். அமெரிக்க உளவியலாளர் டேனியல் லாசிட்டர் பல வருடம் இதைச் சோதித்தார். சந்தேக நபரை மட்டும் காட்டினால், அவர் தானாக மனமுவந்து சொல்கிறார் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றுகிறது. விசாரிப்பவரையும் பக்கவாட்டில் சமமாகக் காட்டினால் அந்த எண்ணம் குறைகிறது. பேச்சு ஒன்றுதான், மாறியது கேமரா நின்ற இடம் மட்டும். நீதிபதிகளும் போலீசாரும்கூட இதற்குத் தப்பவில்லை. நியூசிலாந்து போலீஸ் இருவரையும் சமமாகக் காட்டும் முறைக்கு மாறியது. நம் நாட்டிலும் 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சோதனை, பறிமுதலை வீடியோ எடுக்கச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் எடுப்பவர் அறையின் எந்த மூலையில் நிற்கிறார், எப்போது ரெக்கார்டை அழுத்தினார் என்று கேட்கிற வக்கீல் எத்தனை பேர்?

உயரமும் அப்படித்தான். தலைவரை இடுப்பளவிலிருந்து மேல்நோக்கி எடுத்தால் கம்பீரம், யாரும் சொல்லித் தர வேண்டாம், பழகிவிட்டது. மேலிருந்து கீழ்நோக்கி எடுப்பதில்தான் கை கூசாமல் தப்பு செய்கிறோம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நிவாரண லாரி மேல் ஏறி நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே நீட்டிய கைகளும் அண்ணாந்த முகங்களும் மட்டும். ஒரு அம்மா என்னைப் பார்த்து, "தம்பி, அங்கேருந்து எடுக்காத. கீழ இறங்கி வா" என்றார்.

இறங்கினேன். முட்டியளவுத் தண்ணீரில் நின்று அவர் தோள் உயரத்துக்குக் கேமராவைப் பிடித்தேன். இப்போது ஃப்ரேமில் ஒரு வரிசை தெரிந்தது. பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ரேஷன் கார்டு, பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் சேர்த்து வாங்கக் கொண்டுவந்த இரண்டாவது பை, பின்னால் வருபவருக்கு வழிவிட்டு நகரும் பிள்ளைகள். அப்புறம் இரண்டு ஷாட்டையும் அனுப்பினேன்.

சேனலின் செய்தி டெஸ்க் ஓட்டியது லாரி மேலிருந்து எடுத்ததைத்தான்.