லேயில் இரவு மூச்சு ஏன் நின்று நின்று வருகிறது?

லடாக் போய் வந்தவர்கள் அடிக்கடி கேட்பது இது: “முதல் நாள் ராத்திரி, பக்கத்தில் படுத்திருந்தவருக்குப் பத்துப் பதினைந்து விநாடி மூச்சே இல்லை. அப்புறம் நாலைந்து பெருமூச்சு. திரும்பவும் நின்றுவிட்டது. மாரடைப்போ என்று பயந்துவிட்டோம்.”

மாரடைப்பு இல்லை. கழுத்துக்கும் மூளைக்கும் நடக்கும் இழுபறி அது.

உயரத்திலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், அழுத்தம்தான் குறைகிறது. கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், 3,500 மீட்டர் உயரத்து லேயில் 500-க்குச் சற்றுக் கீழே. கர்துங் லா கணவாயில் ஏறக்குறைய பாதி. (அங்கே 18,380 அடி என்று எழுதிய பலகை பிரபலமாக இருந்தது. ஜிபிஎஸ் அளவு 5,359 மீட்டர், அதாவது சுமார் 17,580 அடி. படங்களில் பார்த்தால் நம்ப வேண்டாம்.)

கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டில், பக்கத்துக்கு ஒன்றாக, அரிசி மணி அளவில் ‘கரோட்டிட் பாடி’ என்று ஓர் உறுப்பு உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் “வேகமாக மூச்சு விடு” என்று அது உத்தரவு போடும். மூச்சு வேகமெடுத்தால் ஆக்சிஜன் ஏறும். கூடவே கரியமில வாயுவும் அளவுக்கு மீறி வெளியேறும். அது குறைந்தால் ரத்தம் காரத்தன்மைக்குத் திரும்பும். மூளையோ மூச்சைக் கரியமில வாயுவை வைத்துத்தான் பெரும்பாலும் கணக்குப் போடுகிறது. அது குறைந்ததும் “போதும், நிறுத்து” என்கிறது.

விழித்திருக்கும்போது இந்த முரண்டு அவ்வளவாகத் தெரியாது. தூங்கியதும் மூளையின் கணக்கே செல்லும். மூச்சு நிற்கிறது, ஆக்சிஜன் சரிகிறது, கரியமில வாயு சேர்கிறது, கழுத்து அலறுகிறது, நாலைந்து பெருமூச்சு. வாயு மறுபடி வெளியேறிவிட, மறுபடி நிறுத்தம். விடிய விடிய இதே கதைதான்.

இந்த வழக்கைத் தீர்ப்பது நுரையீரல் இல்லை, சிறுநீரகம். கூடுதல் காரத்தை, அதாவது பைகார்பனேட்டை, சிறுநீரில் வெளியேற்றி ரத்தத்தைச் சமநிலைக்குக் கொண்டுவருகிறது. அப்போதுதான் மூளையின் தடை தளரும். இதற்குச் சில நாள் பிடிக்கும். லேயில் அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போனால் சலித்துக்கொள்ளாதீர்கள், உடம்பு பழகிக்கொண்டிருக்கிறது.

டயமாக்ஸ் மாத்திரை செய்வதும் இதைத்தான்: சிறுநீரகத்தின் வேலையை முன்கூட்டியே தொடங்கிவைக்கிறது. உயர நோய்த் தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மாத்திரை போட்டால் விரல் நுனி மரத்து ஊறும். இன்னொரு வேடிக்கை, சோடா குடித்தால் சுரீரென்று இருக்காது. மாத்திரை முடக்கும் அதே நொதி நாக்கிலும் இருக்கிறது. வாயுவின் சுரீரை உணர்த்துவது அதுதான்.

மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை மேலும் அமுக்கும். முதல் இரண்டு இரவு வேண்டவே வேண்டாம்.

உயர நோய் பற்றிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று, நம் ராணுவ மருத்துவர்கள் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969-இல் வெளியிட்டது. விமானத்தில் வந்திறங்கும் பயணிகளை வைத்தும் அப்படியொரு பெரிய ஆய்வுக்குப் பணம் ஒதுக்கலாம். அதற்குள் உயர நோய்க்கு மருந்தென்று கற்பூரப் பொட்டலம் முந்திக்கொண்டது. முகர்ந்தால் மூக்கில் குளிர்ச்சி தெரியும், மூச்சு தாராளமாகப் போவது போலிருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது.

3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. டெல்லியிலிருந்து விமானத்தில் வருபவர் ஒரே தாவலில் 3,200 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறார். 48 மணி நேரம் லேயிலேயே சும்மா இருக்க வேண்டும். ஸ்ரீநகரிலிருந்து சாலையில், சுமார் 2,700 மீட்டரில் இருக்கும் கார்கிலில் தங்கி வருவது உடம்புக்கு இதம். மணாலி வழியில் பலர் மாட்டிக்கொள்வது சர்ச்சுவில். அங்கே கூடாரம் 4,200 மீட்டருக்கு மேல்.

லேக்குப் பிறகு நுப்ரா பள்ளத்தாக்குக்குப் போகலாம். நடுவில் கர்துங் லா வந்தாலும் படுப்பது லேயைவிடத் தாழ்வில். 4,250 மீட்டர் உயரத்துப் பாங்காங் ஏரியைக் கடைசியில் வையுங்கள். படுத்திருக்கும்போதே மூச்சிரைப்பு, நுரைச் சளி, நேர்கோட்டில் குதிகால்-விரல் வைத்து நடக்க முடியாத தள்ளாட்டம் என்றால் உடனே கீழே இறங்கியாக வேண்டும். பாங்காங்கிலிருந்து லே திரும்பும் வழக்கமான சாலையோ, இறங்குவதற்கு முன் 5,300 மீட்டருக்கு மேலான சாங் லா கணவாயில் ஏறுகிறது.