பெயருக்குப் பக்கத்தில் புள்ளி இல்லாத மாணவர்

மூன்று பேர் கணினித் திரையில் பந்தெறிந்து விளையாடுகிறார்கள், அதில் நீங்கள் ஒருவர். முதலில் ஓரிரு முறை உங்களுக்குப் பந்து வருகிறது. அப்புறம் மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே எறிந்துகொள்கிறார்கள். சில நிமிடங்களில் ஆட்டம் முடிந்துவிடும். யாரும் திட்டவில்லை, எதையும் இழக்கவில்லை. ஆனாலும் மனசு சுணங்கிப்போகிறது. எதிரே ஆடியது மனிதர்களே அல்ல, வெறும் கணினி நிரல்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் அந்தச் சுணக்கம் போவதில்லை. பள்ளியில் ஒவ்வொரு மாணவரும் தான் பொருட்படுத்தப்படுகிறோம் என்று உணர்வது ஏன் முக்கியம் என்பதை இந்தச் சிறு ஆட்டமே காட்டிவிடுகிறது.

உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸ் உருவாக்கிய இந்த ஆட்டத்துக்கு ‘சைபர்பால்’ என்று பெயர். 2003இல் நவோமி ஐசன்பெர்கரும் மேத்யூ லீபர்மனும் அவரோடு சேர்ந்து, ஆடுபவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். உடல்வலி தரும் வேதனையோடு தொடர்புடைய முன்புற சிங்குலேட் புறணி என்ற மூளைப் பகுதியில் செயல்பாடு கூடியிருந்தது. அந்தப் பகுதிக்கு வேறு பல வேலைகளும் உண்டு. அதனால் ஒதுக்கப்படுவதும் அடிபடுவதும் ஒன்றேதான் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. இன்னொரு முடிவு நமக்கு முக்கியம்: 2010இல் வளரிளம் பெண்களையும் வயதுவந்த பெண்களையும் ஒப்பிட்டபோது, ஒதுக்கப்பட்ட சிறுமிகளின் மனநிலைதான் அதிகமாகச் சரிந்தது.

பூப்பெய்தும் பருவத்தின் ஹார்மோன் மாற்றங்கள், மற்றவர்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனிக்கும் மூளைப் பகுதிகளைக் கூர்மையாக்குகின்றன. உணர்ச்சியைக் கட்டுப்படுத்த உதவும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகும். சரியாக இந்த இடைவெளியில்தான் உயர்நிலைப் பள்ளி வருகிறது. தொடக்கப் பள்ளியில் நாள் முழுக்க ஒரே ஆசிரியர் இருந்திருப்பார். இங்கே பாடத்துக்கு ஒருவர் வந்து போகிறார். ஒவ்வொருவரும் நூற்றுக்கும் மேற்பட்ட முகங்களைப் பார்க்க வேண்டியிருக்கலாம். அந்தப் பையனை வேறு யாராவது கவனித்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்ள வசதியான ஏற்பாடு இது. பருவம் கேட்பது ஒன்று, பள்ளி கொடுப்பது வேறொன்று என்ற இந்தப் பொருத்தமின்மையைப் பற்றி உளவியலாளர் ஜாக்குலின் எக்கிள்ஸ் 1990களிலேயே விரிவாக எழுதினார்.

சரி, தான் பொருட்படுத்தப்படுகிறோம் என்று ஒரு பிள்ளை எதை வைத்து முடிவு செய்கிறது? சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பெர்க் 1981இல் சொன்ன பதில் இன்றும் பயன்படுகிறது. நான் இருப்பது கவனிக்கப்படுகிறது. எனக்கு என்ன ஆகிறது என்பதில் யாருக்கோ அக்கறை இருக்கிறது. என்னை நம்பி யாரோ இருக்கிறார்கள். முதல் இரண்டையாவது பள்ளிகள் பேசுகின்றன. மூன்றாவதை நன்றாகப் படிப்பவர்களுக்கு மட்டும் ஒதுக்கிவிடுகிறோம். பொறுப்பு என்பது பரிசாகிவிட்டது. அது மருந்தாகவும் இருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றுவதில்லை.

சிக்கல் என்னவென்றால், ஆசிரியர் மனதில் அக்கறை இருந்தால் மட்டும் போதாது. அது மாணவருக்குத் தெரிய வேண்டும். திருத்தப்பட்டு வரும் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரமெல்லாம் சிவப்பு மைக் குறிப்புகள். ‘என்னை மேலே கொண்டுவரப் பார்க்கிறார்’ என்றும் படிக்கலாம், ‘என்னை முட்டாள் என்று நினைக்கிறார்’ என்றும் படிக்கலாம். ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுப் பழகிய பிள்ளை இரண்டாவதையே படிக்கும்.

உளவியலாளர்கள் டேவிட் யேகரும் ஜெஃப்ரி கோஹனும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் தொட்டது. அமெரிக்காவில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் 44 பேர் எழுதிய கட்டுரைகளை ஆசிரியர்கள் வழக்கம்போலத் திருத்தினார்கள். ஒவ்வொன்றோடும் ஒரு சிறு சீட்டு சேர்ந்தது. பாதிப் பேருக்கு, கட்டுரை பற்றிய கருத்துகள் இவை என்ற பொதுவான வரி. மீதிப் பேருக்கு, உன்னிடம் நான் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதையெல்லாம் எழுதுகிறேன் என்ற பொருளில் ஒரு வரி. யாருக்கு எந்தச் சீட்டு போனது என்பது ஆசிரியருக்கே தெரியாது. கட்டுரையைத் திருத்தி மறுபடி கொடுப்பது மாணவர் விருப்பம். கறுப்பின மாணவர்களில் பொதுவான வரி பெற்றவர்களில் 17 சதவீதத்தினரே திருத்திக் கொடுத்தார்கள். இரண்டாவது வரி பெற்றவர்களில் அது 72 சதவீதம். சிறிய ஆய்வுதான், எண்களை அப்படியே எல்லா வகுப்பறைக்கும் நீட்டக் கூடாது. ஆனால் உள்ளே நடப்பது புரிகிறது: அந்த ஒரு வரி குறிப்புகளை மாற்றவில்லை, அவற்றை எப்படிப் படிப்பது என்ற சந்தேகத்தை நீக்கிவிட்டது. கவனியுங்கள், அது பாராட்டும் இல்லை. வெறும் ‘சபாஷ்’ போட்டிருந்தால், என்னிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று ஆசிரியர் நினைக்கிறார் போலிருக்கிறது என்றும் ஒரு பிள்ளை படித்துவிடலாம்.

தண்டனையிலும் இதே கதைதான். ஜேசன் ஒகோனோஃபுவாவும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் தவறு செய்யும்போது அவர் பக்கத்தையும் புரிந்துகொண்டு நடப்பது பற்றிக் கணித ஆசிரியர்களுக்குச் சிறிய இணையப் பயிற்சி கொடுத்தார்கள். இந்தப் பயிற்சி பெறாத ஆசிரியர்களிடம் படித்தவர்களில் அந்த ஆண்டு பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் 9.6 சதவீதம். பயிற்சி பெற்றவர்களிடம் படித்தவர்களில் அது பாதிதான், 4.8 சதவீதம்.

இத்தனைக்கும் பிறகு ‘ஒவ்வொரு’ மாணவரும் என்பதில்தான் பெரும்பாலான பள்ளிகள் தடுக்கி விழுகின்றன. ஆசிரியரின் கவனம் சமமாகப் பரவுவதில்லை. முதல் மதிப்பெண் வாங்குபவரிடமும் வகுப்பைக் கலக்குபவரிடமும் அது போய்விடும். வம்பு செய்யாமல், கையும் தூக்காமல், சுமாராகப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எதுவும் மிஞ்சாது. ‘எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் மாணவர்களோடு நன்றாகப் பழகுகிறார்கள்’ என்ற சராசரிக்குள் இவர்கள் காணாமல் போகிறார்கள்.

ஹார்வர்டின் ‘மேக்கிங் கேரிங் காமன்’ திட்டம் பரிந்துரைக்கும் வழி இதற்கு நேரானது. மாணவர்கள் இல்லாத நேரத்தில் எல்லாப் பெயர்களையும் சுவரில் ஒட்டுங்கள். யாரோடு உண்மையிலேயே பழக்கம் உண்டோ, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு வண்ணப் புள்ளி வைக்கட்டும். சில பெயர்களில் புள்ளிகள் குவியும், சிலவற்றில் ஒன்றுகூட இருக்காது. புள்ளி விழாத ஒவ்வொரு பெயரையும் ஓர் ஆசிரியர் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார். பட்டியல் மாணவர் கண்ணில் படக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதில் ஒரு பலவீனம் உண்டு: புள்ளி வைப்பது ஆசிரியர். தனக்கு நெருக்கம் என்று அவர் நினைக்கும் மாணவர் அப்படி நினைக்காமல் இருக்கலாம். அதனால் மாணவர்களிடமும் தனியே, ‘ஒரு பிரச்சினை என்றால் இந்தப் பள்ளியில் யாரிடம் போவாய்?’ என்று எழுதிக் கேட்டு, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. சில மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். ஆசிரியர்கள் மாறுகிறார்கள், பிள்ளைகளும் மாறுகிறார்கள்.